நல்ல பாடசாலை எது?



ஆண்டுதோறும் முதலாம் வகுப்பு அனுமதிக்கு விண்ணப்பம் கோரப்படும் காலம் வந்ததும், இந்நாட்டுப் பெற்றோர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்துவிடுகின்றது. நல்ல பாடசாலை எது என்பதே அக்கேள்வி. அதற்கு விடை காணப் புறப்பட்டவர்கள், வீட்டு வாசலுக்கும் பாடசாலை வாசலுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கின்றார்கள். வாக்காளர் இடாப்பிலே தங்கள் பெயரைத் தேடுகின்றார்கள். வசதி படைத்தோர் சிலர் பட்டினத்திலே வாடகை வீடு பார்த்துக் குடிபெயர்ந்தும் விடுகின்றார்கள். வீட்டுக்கு அருகே ஒரு பாடசாலை இருக்க, அதன் வாயிலைத் தாண்டிப் பேருந்தேறி, நெடுந்தூரத்திலுள்ள பெயர் பெற்ற பாடசாலைக்குப் போய்வரும் சின்னஞ் சிறுவரை நாம் நாள்தோறும் காண்கின்றோம்.

பெற்றோரை இதற்காகக் குறை கூறுதல் நியாயமாகாது. தம் பிள்ளைக்கு மேலானதைத் தேடுவது பெற்றோர் இயல்பு. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலங்கையிலே ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, நூறு மாணாக்கருக்கும் குறைந்த சிறு பாடசாலைகள். பெயர் பெற்ற பாடசாலைகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. எல்லாப் பிள்ளைகளும் அவற்றுள் நுழைதல் இயலாத காரியம். வாடகை வீடு பார்க்க வழியில்லாதவன் பிள்ளை அருகிலுள்ள பாடசாலையிலேதான் கற்கப் போகின்றது. ஆகவே, நல்ல பாடசாலை எங்கே இருக்கிறது என்று தேடுவதிலும், அருகிலுள்ள பாடசாலையை நல்லதாக்குவது எவ்வாறு என்று ஆராய்வதே நாட்டுக்குப் பயன் தரும். கல்வி அமைச்சும் அண்மைக் காலத்தில் "அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்ற பெயருடன் ஒரு வேலைத்திட்டத்தை நடத்தியது. பெயர் நல்ல பெயர். அப்பெயர் மெய்யாவதற்கு என்ன வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நாம் கடந்து வந்த பாதையைச் சிறிது திரும்பிப் பார்ப்போம். 1931ஆம் ஆண்டு தொடக்கம் 1947ஆம் ஆண்டு வரை கல்வி மந்திரியாக விளங்கியவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள். அவர் பதவியேற்ற காலத்திலே நாட்டில் இருவகைப் பாடசாலைகள் இருந்தன. சுயபாஷைப் பாடசாலைகளிற் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலைகளிற் கட்டணம் உண்டு. உத்தியோகத்துக்கும் உயர்கல்விக்கும் வழி ஆங்கிலப் பாடசாலை ஒன்றே. எனவே பணமுள்ளவர் பிள்ளை ஒரு பாதையிலும், பணமில்லாதவர் பிள்ளை மற்றொரு பாதையிலும் நடந்தன. இந்நிலையை மாற்றக் கருதிக் கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப் புறங்களிலே மத்திய பாடசாலைகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்து, திறமை வாய்ந்த ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, உதவிப்பணமும் கொடுத்து, அப்பாடசாலைகளின் விடுதிகளிலே தங்கிக் கற்கச் செய்தார்கள்.

இதன் பயன் சிறிதன்று. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே எழுத வாசிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர். 1981இல் அத்தொகை 87 அளவிற்கு உயர்ந்தது. 2012ஆம் ஆண்டு மதிப்பிலே அது 95ஐத் தாண்டிவிட்டது. 1980 தொடக்கம் பாடநூல்கள் இலவசமாகக் கிடைத்தன. 1993 தொடக்கம் சீருடைத் துணியும் கிடைத்தது. 1998இல் ஐந்து வயது முதற் பதினான்கு வயது வரை பாடசாலைக்குச் செல்லுதல் கட்டாயமாயிற்று. 2016இல் அவ்வெல்லை பதினாறு வயதாக உயர்த்தப்பட்டது. நம்மினும் செல்வமிக்க நாடுகள் பல இவ்வளவு விரைவில் இதனைச் சாதித்ததில்லை.

இச்சாதனைகளையெல்லாம் ஒன்றாய் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இவை யாவும் பாடசாலையின் கதவைத் திறந்துவிட்ட சீர்திருத்தங்கள். கட்டணம் என்னும் பூட்டு நீங்கியது. புத்தக விலை என்னும் பூட்டு நீங்கியது. உடுதுணி என்னும் பூட்டும் நீங்கியது. பிள்ளை உள்ளே வந்துவிட்டது. வந்த பிள்ளைக்கு வகுப்பறையினுள்ளே என்ன நடக்கின்றது என்பது வேறொரு கேள்வி. அக்கேள்வியைச் சட்டத்தினாலும் சுற்றறிக்கையினாலும் மட்டும் தீர்த்துவிட முடியாது. மத்திய பாடசாலைக்கு ஏழைப் பிள்ளையை ஏற்றிவிடும் ஏணியாக வைக்கப்பட்ட அந்த ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையே, காலப்போக்கில் பத்து வயதுப் பிள்ளையின் விளையாட்டையும் உறக்கத்தையும் பறிக்கும் போட்டியாக மாறியமை இதற்குச் சான்று. அருகிலுள்ள பாடசாலைகள் நல்லனவாக இருந்திருப்பின், அவற்றை விட்டு வெளியேற ஒரு பரீட்சைக்கு இத்தனை பெறுமதி வந்திராது.

இனி, பாடசாலை ஒன்று நல்லதாவது எதனால் என்று ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவுகளைப் பார்ப்போம்.

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஜேம்ஸ் கோல்மன் என்னும் சமூகவியல் அறிஞரின் தலைமையில் ஓர் அறிக்கை வெளிவந்தது. நாலாயிரம் அளவிலான பாடசாலைகளையும், ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட மாணாக்கரையும் ஆராய்ந்து எழுதப்பட்டது அது. பிள்ளையின் கல்வித் தேர்ச்சியை நிர்ணயிப்பது பெரும்பாலும் அதன் குடும்பப் பின்னணியே. பாடசாலைகளுக்கிடையே உள்ள கட்டட வேற்றுமை, செலவு வேற்றுமை முதலியன செய்யும் மாற்றம் சிறிதே என்பது அதன் சாரம். இதைக் கேட்ட பலர் மனந் தளர்ந்தனர். பாடசாலை ஒன்றும் செய்ய முடியாதென்றால் ஆசிரியன் எதற்கு, சீர்திருத்தம் எதற்கு என்ற எண்ணம் பரவியது.

ஆனால் அந்த அறிக்கை அளந்தவை பெரும்பாலும் எண்ணத்தக்க பொருள்கள். நூல்நிலையத்தில் எத்தனை நூல்கள், ஆய்வுகூடம் உண்டா இல்லையா, ஆசிரியரின் தகைமை யாது என்பன போன்றவை. வகுப்பறையினுள்ளே ஆசிரியரும் மாணாக்கரும் ஒருவரோடொருவர் எவ்வாறு பழகுகின்றனர், நாற்பது நிமிடப் பாடவேளை எவ்வாறு கழிகின்றது என்பதை அது உட்புகுந்து பார்க்கவில்லை. அப்படி உட்புகுந்து பார்த்தவர்கள் வேறு முடிவு கண்டனர்.

மைக்கல் ரட்டர் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் இலண்டன் மாநகரின் உட்பகுதியிலுள்ள பன்னிரண்டு இடைநிலைப் பாடசாலைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1979இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஒரு பிள்ளை ஐந்து வயது தொடக்கம் பாடசாலையை விட்டு நீங்கும் வரை அங்கே கழிக்கும் காலம் ஏறத்தாழப் பதினையாயிரம் மணித்தியாலம். அந்த எண்ணையே நூலின் பெயராக வைத்தார்கள். ஒரே வகையான குடும்பங்களிலிருந்து ஒரே வகையான பிள்ளைகளைப் பெற்ற பாடசாலைகளுக்கிடையிலும், வரவிலும் ஒழுக்கத்திலும் பரீட்சைப் பேற்றிலும் பெரிய வேற்றுமைகள் காணப்பட்டன. கட்டடம் புதியதா பழையதா, பாடசாலை பெரியதா சிறியதா என்பன அவ்வேற்றுமைக்குக் காரணமாக அமையவில்லை. பின் எவை காரணம்?

பாடங்கள் உரிய நேரத்தில் தொடங்கின. வீட்டு வேலை கொடுக்கப்பட்டது. கொடுத்த வேலை திருத்தப்பட்டது. பிள்ளைகளின் ஆக்கங்கள் சுவரிலே இடம் பெற்றன. தண்டனை மிகுந்த இடத்தில் ஒழுக்கம் ஓங்கவில்லை. பாராட்டுக் கிடைத்த இடத்தில் ஓங்கியது. மாணாக்கரிற் பலருக்குப் பாடசாலைக் கருமங்களிலே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆசிரியர்கள் தத்தம் வகுப்பைத் தனித்தனித் தீவாக நடத்தாமல், எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்பதைக் கூடித் திட்டமிட்டார்கள்.

இதே நகரத்தில், பீற்றர் மோட்டிமோர் என்பாரும் அவர் குழுவினரும் ஐம்பது கனிட்ட பாடசாலைகளிற் பயின்ற ஏறத்தாழ ஈராயிரம் பிள்ளைகளை நான்காண்டு காலம் தொடர்ந்து கவனித்து, 1988இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். தெளிவான நோக்கத்தோடு பாடசாலையை நடத்தும் தலைமை. ஆசிரியர்க்குத் தீர்மானங்களிற் பங்கு. ஆசிரியர் யாவரும் ஒரே நெறியைக் கைக்கொள்ளல். ஒரு பாடவேளையிற் பல பாடங்களைக் கலந்து குழப்பாமை. ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் குறித்து வைத்தல். பெற்றோர்க்குத் திறந்த கதவு. இவை நல்ல பாடசாலைகளில் அவர்கள் கண்ட இயல்புகளுட் சில. மற்றுமொரு செய்தி நம் நெஞ்சிற் பதியத்தக்கது. மிக நல்ல பாடசாலைகளிற் கற்ற தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், மிகத் தாழ்ந்த பாடசாலைகளிற் கற்ற உயர்தொழில் செய்வோரின் பிள்ளைகளையும் விட மேலான நிலையை அடைந்தனர். பாடசாலை ஒன்றும் செய்யாது என்ற வாதத்துக்கு இது போதிய மறுமொழி.

இதில் மருட்டும் இரகசியம் எதுவும் இல்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். மணி அடித்ததும் பாடம் தொடங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கொப்பியைத் திருத்திக் கொடுப்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. அப்படியாயின் எல்லாப் பாடசாலைகளும் ஏன் அவ்வாறு நடப்பதில்லை? இவ்வினாவுக்கு விடை காண நாம் அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரத்துக்குச் செல்ல வேண்டும்.

சிக்காகோவின் பொதுப் பாடசாலைகள் தாழ்ந்த நிலையில் இருந்தமையால், 1988ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. ஒவ்வொரு பாடசாலைக்கும், பெற்றோரைப் பெரும்பான்மையினராகக் கொண்ட ஒரு சபை தெரிவு செய்யப்படும். அதிபரை நியமிக்கும் அதிகாரமும் அச்சபையிடம் இருக்கும் என்று அச்சட்டம் கூறிற்று. சட்டம் ஒன்றே, நகரமும் ஒன்றே. ஆயினும் சில பாடசாலைகள் உயர்ந்தன. சில நின்ற இடத்திலேயே நின்றன. அந்தனி பிரைக் என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் ஆரம்பப் பாடசாலைகளிலே 1990 தொடக்கம் 1996 வரை நிகழ்ந்தவற்றை ஆராய்ந்து, இதற்குரிய காரணத்தை 2010இல் நூலாக வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டவை ஐந்து. அதிபரின் தலைமை ஒன்று. ஆசிரியரின் ஆற்றலும் அவர்தம் ஒற்றுமையும் இரண்டு. பெற்றோரோடும் ஊரோடும் உள்ள உறவு மூன்று. பிள்ளை அச்சமின்றிக் கற்பதற்கேற்ற சூழல் நான்கு. வகுப்புக்கு வகுப்பு தொடர்பறாது செல்லும் பாட ஒழுங்கு ஐந்து. இவற்றுட் பெரும்பாலானவற்றில் வலிமை பெற்ற பாடசாலை, பெரும்பாலானவற்றில் வலிமை குன்றிய பாடசாலையிலும் பத்து மடங்கு முன்னேற்ற வாய்ப்பு உடையதாக இருந்தது. ஒன்றில் மட்டும் நெடுங்காலம் குறைவு நீடித்தாலும், மற்ற நான்கும் பெரிதும் பயனற்றுப் போயின. நமது கோயில் தேரை எண்ணிப் பாருங்கள். நான்கு சில்லுகளில் மூன்று நன்றாக உருண்டு, ஒன்று மணலிற் புதையுண்டால், வடம் பிடிப்போர் எத்தனை பேராயினும் தேர் அசைவதில்லை. ஆசிரியர் பயிற்சி ஒரு திட்டம், கட்டடம் ஒரு திட்டம், பெற்றோர் சங்கம் ஒரு திட்டம் என்று ஆண்டுக்கு ஒன்றாகத் தனித்தனியே செய்யப்படும் சீர்திருத்தங்கள் ஏன் கைகூடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

இந்த ஐந்தினையும் பிணைக்கும் கயிறு ஒன்று உண்டு. அதுதான் நம்பிக்கை. அதிபர் சொன்னதைச் செய்வார் என்று ஆசிரியரும், ஆசிரியர் தம் பிள்ளையின் நன்மையை நாடுகின்றார் என்று பெற்றோரும், பெற்றோர் தமக்குத் துணை நிற்பர் என்று ஆசிரியரும் கொள்ளும் நம்பிக்கை. பிரைக் அவர்களும் பாபரா ஷ்னைடர் அவர்களும் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைக் கணக்கிட்டே காட்டிற்று. நம்பிக்கை மிகுந்த பாடசாலைகளில் இரண்டில் ஒன்று முன்னேறியது. நம்பிக்கை குன்றியவற்றில் ஏழில் ஒன்றே முன்னேறியது. மற்றவர் தம்மைக் குறை கூறுவர் என்று அஞ்சும் ஆசிரியர், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மாட்டார். புதிய முறையைப் பரீட்சித்துப் பார்க்கவும் துணிய மாட்டார். மணி அடித்ததும் பாடம் தொடங்குவதும் கொப்பியைத் திருத்துவதும் தனியொருவர் சிலநாட் செய்யத்தக்கவை. பாடசாலை முழுவதும் எல்லா நாளும் செய்வதற்கு இந்த நம்பிக்கை வேண்டும்.

இந்த வெளிச்சத்திலே நம் நாட்டுச் சீர்திருத்தங்கள் இரண்டினை நோக்குவோம்.

1972ஆம் ஆண்டில் ஒரு பெரிய சீர்திருத்தம் வந்தது. பாடசாலையிற் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாயிற்று. அதுவரை இருந்த சாதாரண தரப் பரீட்சைக்குப் பதிலாகத் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் என்னும் புதிய பரீட்சை வகுக்கப்பட்டது. ஊரிலுள்ள தொழில்களைப் பாடசாலைக்குள் கொண்டுவரும் நோக்கத்துடன் தொழில் முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. மீன்பிடியும் பயிர்ச்செய்கையும் வகுப்பறைக்குரிய பொருளாதல் இழிவன்று; அக்கருத்து நல்ல கருத்தே. ஆனால் அவற்றைக் கற்பிக்க ஆசிரியர் ஆயத்தமாகுமுன் பாடங்கள் வந்துவிட்டன. தங்கள் பிள்ளைகளை மட்டும் உத்தியோகப் பாதையிலிருந்து விலக்குகின்றார்களோ என்று பெற்றோர் ஐயுற்றனர். 1977இல் ஆட்சி மாறியது; அத்திட்டமும் கைவிடப்பட்டது. 1972இல் முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை தன் பள்ளிப் படிப்பிற் பாதியைக் கடக்குமுன்னே, அப்பிள்ளைக்கென வகுத்த திட்டம் மறைந்துவிட்டது. ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவத்திலும் குறைந்த ஆயுளையுடைய சீர்திருத்தம் யாருக்கும் பயன்படாது.

மற்றையது மலையகத்தைச் சேர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைக்கும் கடமையை 1920ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிர்வாகத்திடமே விட்டது. அதன் விளைவு யாவரும் அறிந்ததே. ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்து வகுப்பு; அதற்கப்பாற் போக வழியில்லை. நாடெங்கும் இலவசக் கல்வி வளர்ந்த காலத்திலும், அந்தப் பிள்ளைகள் அதன் பயனைப் பெரிதும் அடைந்திலர். 1970களின் பிற்பகுதி தொடக்கமே இப்பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. 1980களின் நடுப்பகுதி முதல் சுவீடன் நாட்டின் உதவி கிடைத்தது, கட்டடங்கள் எழுந்தன. அவற்றினும் முக்கியமானது, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த இளைஞரும் யுவதிகளும் ஆசிரியராக நியமிக்கப்பட்டுப் பயிற்சி பெற்றமையாகும். பிள்ளையின் வீட்டையும் பேச்சையும் அறிந்தவர், மாலையானதும் ஊரை விட்டுப் போகாதவர், வகுப்பறையில் நின்றார். பின்னர்ப் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இப்பணியைத் தொடர்ந்தது. குறைகள் இன்றும் பல உள. எனினும் மலையகத்திலிருந்து இன்று பட்டதாரிகளும் ஆசிரியர்களும் அதிபர்களும் தோன்றியிருக்கின்றார்கள். ஊரோடு ஒட்டிய ஆசிரியர் ஒரு பாடசாலையில் நிலைத்திருத்தல் எவ்வளவு பெறுமதியுடையது என்பதற்கு இது நம் கண்முன்னுள்ள சான்று.

ஆகவே, இனிச் செய்யத்தக்கவை யாவை? என் சிந்தையில் முதன்மையாகத் தோன்றுவன நான்கு.

முதலாவது, வாசிப்பு. ஆரம்ப வகுப்புகளிலேயே ஒவ்வொரு பிள்ளையும் தாய்மொழியிலே பொருளுணர்ந்து வாசித்தல் வேண்டும். இது கைகூடாவிடின் மற்றவையெல்லாம் வீணாகும். கென்யா நாட்டிலே பாடநூல்களை இலவசமாகக் கொடுத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2009இல் வெளிவந்தது. முன்னமே நன்றாகக் கற்ற பிள்ளைகள் மட்டுமே பயன் பெற்றனர். ஏனையோர்க்கு அந்நூலை வாசிக்கவே இயலவில்லை. இந்தியாவிலே பிரதம் என்னும் அமைப்பு வேறு வழியைக் கையாண்டது. வகுப்பையும் வயதையும் ஒருபுறம் வைத்துவிட்டு, எழுத்தறிந்தவர், சொல்லறிந்தவர், பந்தி வாசிப்பவர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து, நாள்தோறும் சிறிது நேரம் அந்நிலைக்கேற்பக் கற்பித்தது. நல்ல பயன் விளைந்ததென்பதைப் பல பரிசோதனைகள் காட்டின. இதனை நம் பாடசாலைகளிற் செய்வதற்குத் தடையாது? மாதத்துக்கு ஒரு முறை ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, ஒரு பந்தியை வாசிக்கச் செய்து, உயிர்மெய்யிற் தடுமாறுகின்றதா, சொல்லிற் தடுமாறுகின்றதா, பொருளிற் தடுமாறுகின்றதா என்று ஒரு கொப்பியிற் குறித்து வைத்தாற் போதும். அடுத்த மாதம் என்ன கற்பிப்பது என்பதை அக்கொப்பியே சொல்லிவிடும். 2020ஆம் ஆண்டு தொடக்கம் பெருந்தொற்றினாலும், 2022இல் எரிபொருள் இன்மையாலும் நம் பாடசாலைகள் நெடுநாள் மூடப்பட்டன. அக்காலத்தில் எழுத்தறிய வேண்டிய வயதில் இருந்த பிள்ளைகள் இப்போது மேல்வகுப்புகளில் இருக்கின்றார்கள். அவர்களுள் வாசிக்கத் தடுமாறுவோரை வயதைக் காட்டி மேலே தள்ளிவிடுவது பெருங் கொடுமை.

இரண்டாவது, அதிபர். அதிபர் ஒருவரின் நாளிற் பெரும்பகுதி கடிதங்களிலும் கூட்டங்களிலும் கணக்குகளிலும் கழிகின்றது. நிரந்தர அதிபரே இன்றிப் பதில் அதிபரால் நடத்தப்படும் பாடசாலைகளும் உண்டு. நாளொன்றுக்கு ஒரு பாடவேளையாவது அதிபர் ஒரு வகுப்பறையிலே அமர்ந்து பாடத்தைக் கவனித்தல் வேண்டும். குற்றம் பிடிக்கும் பரிசோதகராக அல்லர். கூடக் கற்பிக்கும் மூத்தவராக. அதற்கு வேண்டிய ஓய்வை அவருக்கு ஏற்படுத்திக் கொடுப்பது வலயக் கல்விப் பணிமனையின் கடமை. அனுப்பப்படும் படிவங்களிற் பாதியைக் குறைத்தாலே அந்த நேரம் கிடைத்துவிடும்.

மூன்றாவது, ஆசிரியர் கூட்டுறவும் நிலைபேறும். நேரசூசியிலே வாரத்துக்கு ஒரு பாடவேளை ஆசிரியர் கூடிப் பேசுவதற்கென ஒதுக்கப்படல் வேண்டும். பேசும் பொருள் கொண்டாட்டமும் சுற்றறிக்கையுமாக இருத்தலாகாது. இந்த வாரம் பின்னம் என்னும் கணிதப் பகுதி பிள்ளைகளுக்கு ஏன் விளங்கவில்லை, யாருடைய வகுப்பில் விளங்கிற்று, அவர் எவ்வாறு கற்பித்தார் என்பதாக இருத்தல் வேண்டும். அவ்வாறு கூடிப் பழகிய ஆசிரியர் குழுவை அடிக்கடி இடமாற்றத்தாற் கலைத்துவிடுவதும் தவிர்க்கப்படல் வேண்டும். கஷ்டப் பிரதேசத்துக்கு நியமனம் பெற்றவர் எப்போது அங்கிருந்து விடுபடலாம் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருப்பாரானால், அப்பாடசாலையில் எதுவும் வேரூன்றாது. அங்கே நிலைத்திருப்பவர்க்கு நல்ல விடுதியும் உபகாரமும் பதவி உயர்வில் முதலிடமும் அரசாங்கம் கொடுத்தல் வேண்டும். தியாகத்தை எதிர்பார்த்து நடத்தும் கல்வி நெடுநாள் நில்லாது.

நான்காவது, ஊரின் பங்கு. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்பது பணம் திரட்டும் சங்கமாக மட்டும் இருத்தலாகாது. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே ஆறுமுக நாவலர் 1848இல் பாடசாலை ஒன்றைத் தாபித்தபோது, ஊரவரின் ஆதரவைத் தேடியே அதனை நடத்தினார். பிள்ளைகளுக்கு ஏற்ற வாசிப்பு நூல் இல்லையெனக் கண்டு பாலபாடங்களையும் தாமே எழுதினார். நம் ஊர்கள் பாடசாலையைத் தம்முடையதாக எண்ணிய மரபு உடையவை. அந்த மரபு இப்போது பழைய மாணவர் சங்கங்களின் வழியே பெயர் பெற்ற பாடசாலைகளுக்கு மட்டும் பாய்கின்றது. வெளிநாட்டிலும் தலைநகரிலும் வாழ்வோர் நுழைவாயில் வளைவு கட்ட அனுப்பும் பணத்திற் சிறு பங்கு, தங்கள் ஊரின் ஆரம்பப் பாடசாலையில் ஒரு வாசிகசாலை அமைக்கப் பயன்படுமாயின், அதன் பேறு பெரிதாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பாடசாலையின் உள்ளே உள்ளவர்களால் எல்லாம் ஆகும் என்று நான் கூறியதைக் காரணமாகக் கொண்டு, அரசாங்கம் தன் கடமையிலிருந்து நழுவிவிடல் ஆகாது. கணித ஆசிரியரே இல்லாத பாடசாலையில் ஆசிரியர் கூட்டுறவு கணிதத்தைக் கற்பிக்காது. மலசலகூடம் இல்லாத பாடசாலைக்குப் பெண்பிள்ளை ஒழுங்காக வருதல் அரிது. காலை உணவின்றி வந்த பிள்ளையின் செவியிற் பாடம் ஏறாது. ஆசிரியர், கட்டடம், உணவு ஆகிய இவை அரசாங்கம் நீதியாகப் பங்கிட வேண்டியவை. நகரத்துப் பெரிய பாடசாலைக்கு மேன்மேலும் கொடுத்து, சிறிய பாடசாலையைப் பிள்ளை குறைந்ததென்று மூடிவிடுவது சீர்திருத்தமன்று. அரசாங்கம் கொடுத்த விளக்கை ஏற்றுபவர் உள்ளே உள்ளவர். விளக்கே கொடாத இடத்தில் அவரைக் குறை கூறலாகாது.

நேயர்களே, இந்தப் பேச்சைக் கேட்கும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பாடசாலையைப் பற்றி விசாரிக்கும்போது, சென்ற ஆண்டுப் பரீட்சையில் எத்தனை பேர் சித்தியடைந்தனர் என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த எண்ணிக்கையிற் பாதி, வாசலிலே தெரிந்தெடுத்த பிள்ளைகளின் திறமையாகவும் மாலை வகுப்புகளின் பயனாகவும் இருக்கக்கூடும். முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கின்றார்கள் என்று கேளுங்கள். ஆசிரியர்கள் அங்கே எத்தனை ஆண்டுகள் தங்குகின்றார்கள் என்று கேளுங்கள். பின்தங்கிய பிள்ளைக்கு என்ன செய்கின்றீர்கள் என்று கேளுங்கள். இக்கேள்விகளை உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலையிலே முதலிற் கேளுங்கள். விடை திருப்தி தராவிட்டால், அதிபரோடும் ஆசிரியரோடும் அமர்ந்து, அடுத்த தவணையில் எதனை மாற்றலாம் என்று பேசத் தொடங்குங்கள். நாடளாவிய சீர்திருத்தம் ஒன்று வரும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.